டிராவே சிண்ட்ரோம் உள்ள சின்னக் குழந்தையை வளர்ப்பது: முதல் வலிப்பிலிருந்து பள்ளி வரை

ஆறு மாதக் குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது, அரை மணி நேரம் நிற்கவில்லை, அப்புறம் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேன், ஈஈஜி (மூளையின் மின் அலைப் பதிவு) எல்லாம் நார்மல், "காய்ச்சல் வலிப்புதான், வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அடுத்த மாதமே மறுபடியும் அதே மருத்துவமனை வாசலில் நிற்கிறீர்கள். இப்படி நிற்கிற அம்மா அப்பாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் மகளுக்கு டிராவே சிண்ட்ரோம், அதாவது முதல் வயதிலேயே தொடங்குகிற, பெரும்பாலும் மரபணு மாற்றத்தால் வருகிற கடுமையான வலிப்பு நோய். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவு எதையும் இங்கே சொல்லப் போவதும் இல்லை, அது உங்கள் குழந்தையின் எடையைப் பார்த்து உங்கள் நரம்பியல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் வீட்டில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, அதை யாரும் ஒரே இடத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

முதலிலேயே ஒன்று. அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 15,700 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்று கணக்கிட்டது. அப்படியென்றால் அவசரப் பிரிவில் உங்கள் குழந்தையை வாங்கிப் படுக்க வைக்கிற டாக்டர், பெரும்பாலும் இதற்கு முன் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்திருக்க மாட்டார். அது அவர் குறை இல்லை. அதனால் குழந்தையைப் பற்றிய விவரம் முழுக்க எழுத்தில், தூக்கத்தில் எழுப்பினாலும் எடுத்துக் கொடுக்கிற இடத்தில், யார் படித்தாலும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். கீழே வரும் படிகளில் பாதி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

படி 1: சந்தேகம் வந்தால் மரபணு சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்

சாதாரணக் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும், உடம்பு முழுக்க வரும், அப்புறம் குழந்தை பழையபடி ஆகிவிடும். டிராவேயில் முதல் வலிப்பு பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு மாதத்துக்குள் வரும். நீண்ட நேரம் போகும். பல சமயம் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வெட்டும், இந்தத் தடவை வலது பக்கம் என்றால் அடுத்த தடவை இடது பக்கம். லேசான காய்ச்சலுக்கே வரும், வெதுவெதுப்பான குளியலுக்குப் பிறகு வரும், தடுப்பூசி போட்ட அன்றோ மறுநாளோ வரும். அந்த வயதில் வளர்ச்சி இயல்பாக இருக்கும், ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. ஸ்கேன் நார்மலாக இருப்பது இந்த நோயை விலக்கிவிடாது என்பதை மனதில் வையுங்கள், ஏனென்றால் "எல்லாம் நார்மல்" என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே பல குடும்பங்களுக்கு மாதக்கணக்கில் நேரம் போய்விடுகிறது.

ஒரு வயதுக்குள் நீண்ட வலிப்பு இரண்டு வந்துவிட்டால், குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இது டிராவேயாக இருக்குமா, எஸ்சிஎன்1ஏ மரபணுவைப் பார்க்கலாமா?" இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. டிராவே உள்ள குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த மரபணுவில்தான் மாற்றம் இருக்கிறது.

சோதனை முடிவு வந்ததும் மூன்று விஷயம் கேளுங்கள். மாற்றம் நோயை உண்டாக்குவது உறுதியா, இல்லை பொருள் தெளிவாகாத மாற்றமா? முடிவு நெகட்டிவ் என்றால், மரபணுவில் ஒரு துண்டே விடுபட்டிருப்பதையும் தேடிப் பார்த்தார்களா? (சில சோதனைகளில் இது தவறிவிடும்.) எஸ்சிஎன்1ஏ மாற்றம் இருந்தும் லேசான வலிப்பு வகையாக இருக்க வாய்ப்பு உண்டா? உண்டு, அதே மரபணுவின் வேறு மாற்றங்கள் மிக லேசான காய்ச்சல் வலிப்போடும் நின்றுவிடுகின்றன. அதனால் அறிக்கையை மட்டும் வைத்து யாரும் நோயின் பெயரை முடிவு செய்வதில்லை, குழந்தையின் கதையையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

படி 2: உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு தடவை புரிந்துகொள்ளுங்கள்

ஷார்லட் டிராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1978-ல் இந்தக் குழந்தைகளைத் தனி வகையாக அடையாளம் கண்டு எழுதினார். காரணமான மரபணு 2001-ல் கண்டுபிடிக்கப்பட்டது. மூளையில் சில நரம்பு செல்கள் மற்றவற்றைத் தூண்டும், சில செல்கள் அடக்கும். அடக்குகிற செல்கள் பிரேக் மாதிரி. அந்த செல்கள் வேலை செய்ய ஒரு குறிப்பிட்ட சோடியம் வாயில் (சோடியத்தை செல்லுக்குள் விடுகிற கதவு) வேண்டும், அதைச் செய்கிற குறிப்புதான் எஸ்சிஎன்1ஏ. ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி உண்டு. டிராவேயில் ஒன்று வேலை செய்யாது, மற்றொன்று தயாரிப்பது போதவில்லை. பிரேக் பிடிக்காததால் வலிப்பு கிளம்புகிறது, கிளம்பினால் நிற்க நேரமாகிறது.

இதைப் புரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம் அடுத்த படி.

படி 3: தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் எப்போதும் கையில் இருக்கட்டும்

வலிப்புக்கு உலகம் முழுக்கத் தரப்படும் பிரபலமான மருந்துகள் பல, சோடியம் வாயிலை அடைத்துத்தான் வேலை செய்கின்றன. ஏற்கெனவே பிரேக் பலவீனமாக இருக்கிற மூளையில் அதையும் அடைத்தால் வலிப்பு கூடும். கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லாமோட்ரிஜின், ஃபெனிடோயின், லாகோசமைடு ஆகியவை தினசரி மருந்தாக இந்தக் குழந்தைகளுக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுபவை. விகாபட்ரின் வேறு விதமாக வேலை செய்வது, ஆனால் அதுவும் இந்தப் பட்டியலில் உண்டு.

நோய் கண்டுபிடிக்கும் முன்பே இவற்றில் ஒன்று ஆரம்பித்திருந்தால் பதறி அன்றே நிறுத்திவிடாதீர்கள். எந்த வலிப்பு மருந்தையும் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து. டாக்டரைக் கூப்பிட்டுப் பேசி, அவர் சொல்கிற வேகத்தில் மாற்றுங்கள். ஃபெனிடோயின் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு: நிற்காத வலிப்புக்கு அவசரப் பிரிவுகளில் அது வழக்கமாக எடுக்கிற மருந்து. உங்கள் குழந்தைக்கு நெருக்கடியில் அதற்குப் பதில் எது, எந்த வரிசையில் என்பதை உங்கள் நரம்பியல் மருத்துவரையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பெற்றோர் வாயால் சொல்வதைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம், இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

படி 4: ஒரு பக்க அவசரத் தாள்

ஒரே பக்கம். இரண்டு பக்கமானால் யாரும் படிக்க மாட்டார்கள். பெயர், பிறந்த தேதி, எடை, எடை பார்த்த தேதி. நோயின் பெயர், மரபணு முடிவு. வழக்கமாக வலிப்பு எப்படி வரும், எவ்வளவு நேரம் போகும். வீட்டில் என்ன அவசர மருந்து, எவ்வளவு, எத்தனையாவது நிமிடத்தில். மருத்துவமனையில் அடுத்து என்ன தரலாம், எதைத் தரக்கூடாது, முன்பு எது கேட்டது. மற்ற ஒவ்வாமைகள். உங்கள் டாக்டரின் தொடர்பு எண்.

தினசரி மருந்துகளை எழுதும்போது மில்லிகிராம், மில்லி இரண்டையும் எழுதுங்கள். ஒரே மருந்தின் சிரப் வேறு வேறு செறிவில் கிடைக்கும். "காலையில் 4 மில்லி" என்று மட்டும் எழுதினால், வேறு பாட்டில் கைக்கு வந்த அன்று குழந்தைக்குப் போவது இரட்டிப்பாகவும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம்.

வால்ப்ரோயேட் என்ற தினசரி வலிப்பு மருந்து எடுக்கிற குழந்தை என்றால் இன்னொரு வரி சேர்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்: மெரோபெனெம் வகை ஆன்டிபயாடிக் இரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவைச் சட்டென்று இறக்கிவிடும். தீவிரத் தொற்றுக்கு அது தேவைப்படலாம், அப்போது வலிப்புக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தாளின் நகல் பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, வீட்டுச் சுவரில் ஒன்று, குழந்தையைப் பார்த்துக்கொள்கிற எல்லோர் போனிலும் படமாக ஒன்று. எடை கூடும்போது அவசர மருந்தின் அளவும் மாறும், சின்னக் குழந்தைகள் சட்டென்று வளர்வார்கள், அதனால் ஒவ்வொரு தடவை டாக்டரைப் பார்க்கும்போதும் "இந்த எடைக்கு இதே அளவு சரியா?" என்று கேட்டுவிட்டுத் தாளில் தேதியை மாற்றுங்கள்.

படி 5: வலிப்பு வரும்போது

முதலில் மணியைப் பாருங்கள். போனில் டைமரைத் தட்டுங்கள். பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், இல்லையென்றால் பத்து நிமிடம் போனதே தெரியாது. டைமர் மட்டும்தான் உண்மை சொல்லும்.

குழந்தையைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். கழுத்துப் பக்கம் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், விரலையும் கூட, தண்ணீரும் வேண்டாம். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கையில் எதையாவது கொடுப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எதுவும் வலிப்பை நிறுத்தாது. சொல்கிற பெரியவர்களைப் புண்படுத்தாமல் "டைமரைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு வேலை கொடுங்கள், அது நிஜமாகவே உதவும்.

ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர மருந்து என்பது பொதுவான விதி. டிராவே குழந்தைகளுக்கு வலிப்பு தானாக நிற்பது கடினம் என்பதால் பல டாக்டர்கள் அதற்கும் முன்பே கொடுக்கச் சொல்வார்கள். உங்கள் தாளில் எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் விதி. மிடசோலம் வாயில் விடுகிற வகை என்றால், ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவில் மெதுவாக விட வேண்டும், தொண்டைக்குள் அல்ல. மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே உண்டு, ஆசனவாயில் வைக்கிற டயசெபாம் உண்டு. எதுவானாலும் நர்ஸ் முன்னால் ஒரு தடவை செய்து காட்டிப் பழகுங்கள், அப்புறம் வீட்டில் எல்லோரையும் வெறும் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சை வைத்துப் பழகச் சொல்லுங்கள்.

கொடுத்த பிறகு மூச்சைக் கவனியுங்கள், இந்த மருந்துகள் மூச்சைக் குறைக்கக்கூடும். உதடு நீலமானால், மூச்சு சரியில்லை என்றால், மருந்து கொடுத்து ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால், நின்று மறுபடி வந்தால், அந்த மருந்தை வாழ்க்கையில் முதல் தடவை கொடுக்கிறீர்கள் என்றால், ஆம்புலன்ஸ். இரண்டாவது டோஸ் தாளில் எழுதியிருந்தால் மட்டும். மருத்துவமனைக்கு வெகு தூரத்தில் இருப்பவர்கள் ஆம்புலன்ஸை முதலிலேயே கூப்பிட்டுவிடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கை கால் வெட்டுவது நின்றதும் வலிப்பு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கண் ஒரு பக்கமாகவே நிலைத்திருக்கிறதா, வாயோரமோ விரலோ லேசாகத் துடிக்கிறதா, கூப்பிட்டால் கொஞ்சமும் அசைவு இல்லையா, அப்படியானால் வலிப்பு உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். இன்னொரு பக்கம், வலிப்புக்குப் பிறகு ஒரு கை காலில் சில மணி நேரம் பலமில்லாமல் இருப்பதும் உண்டு, பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். முதல் தடவை அப்படி ஆனால் கட்டாயம் காட்டுங்கள்.

முடிந்தால் யாராவது வீடியோ எடுக்கட்டும். போர்வையை விலக்கி, முகமும் இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி, எந்தப் பக்கம் துடிக்கிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே. டாக்டருக்கு அந்த ஒரு நிமிட வீடியோ நம் அரை மணி நேர விளக்கத்தைவிட அதிகம் சொல்லும். தனியாக இருந்தால் வீடியோவை மறந்துவிடுங்கள், குழந்தையைப் பாருங்கள்.

படி 6: தினசரி மருந்து, அதன் பக்க விளைவு

வால்ப்ரோயேட், குளோபசாம் இரண்டிலும்தான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஸ்டிரிபென்டால், ஃபென்ஃப்ளூரமின், கன்னாபிடியால், டோபிரமேட், கீட்டோஜெனிக் உணவு முறை (கொழுப்பு அதிகம், சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகக் குறைவு). ஃபென்ஃப்ளூரமின் ஒரு காலத்தில் உடம்பு இளைக்கத் தரப்பட்ட மருந்து; இதய வால்வு பாதிப்பால் 1997-ல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. பின்னர் மிகக் குறைந்த அளவில் டிராவேக்கு நன்றாக வேலை செய்வது தெரிந்து 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதனால் அதை எடுக்கிற குழந்தைக்கு ஆரம்பிக்கும் முன்பும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் இதய எக்கோ பார்ப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

வலிப்பு முழுக்க நிற்பது இந்த நோயில் அபூர்வம். டாக்டரோடு இலக்கைப் பேசி வையுங்கள்: நீண்ட வலிப்புகளைத் தடுப்பது முதல் இலக்கு, குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் தெளிவாக இருப்பது அடுத்தது. ஒரு வலிப்பைக் குறைக்க நாள் முழுக்கத் தூங்கி வழிகிற அளவுக்கு மருந்து ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை, இதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம், அவர்களும் அதைத்தான் கேட்க விரும்புகிறார்கள்.

எதைக் கவனிப்பது என்றால்: வால்ப்ரோயேட்டுக்கு ஈரலும் இரத்தத் தட்டணுவும் சோதனையில் பார்ப்பார்கள், காரணமில்லாத வாந்தி, அசாதாரண மயக்கம், சட்டென்று கன்றிப் போவது தெரிந்தால் காத்திருக்காதீர்கள். குளோபசாமில் தூக்கம், எச்சில் ஒழுகுவது, சில குழந்தைகளுக்கு எரிச்சல். ஸ்டிரிபென்டால் சேர்த்தால் உடம்பில் குளோபசாமின் அளவு ஏறும், அதனால் திடீரென்று குழந்தை தள்ளாடினால் புதிய மருந்தை மட்டும் பழி சொல்லாமல் பழையதைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். கன்னாபிடியாலிலும் இதே கதை உண்டு. டோபிரமேட் வியர்வையைக் குறைக்கும், வெயிலுக்கு ஆகாத குழந்தைக்கு இது பெரிய விஷயம். பசி குறைக்கிற மருந்துகள் இதில் பல, எடையை மாதா மாதம் ஒரே தராசில் பார்த்து எழுதுங்கள்.

வாந்தி எடுத்தால் எத்தனை நிமிடத்துக்குள் என்றால் திரும்பக் கொடுக்கலாம், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால் காலை மருந்து என்னாவது. இந்த மூன்றையும் நல்ல நாளில் கேட்டு எழுதி வையுங்கள். மருந்து தீர்வதற்கு இரண்டு வாரம் முன்பே அடுத்தது கையில் இருக்க வேண்டும், இந்த மருந்துகள் எல்லாக் கடையிலும் இருக்காது. கீட்டோ உணவு முறையில் இருக்கிற குழந்தைக்கு இருமல் சிரப்பில் உள்ள சர்க்கரையே ஆட்டத்தைக் கலைத்துவிடும், வாங்கும் முன் கேளுங்கள்.

டைரி எளிமையாக இருக்கட்டும். தேதி, மணி, எவ்வளவு நேரம், எப்படி, காய்ச்சல் இருந்ததா, முந்தின இரவு தூங்கினாளா, மருந்து தவறியதா, அவசர மருந்து கொடுத்தோமா. அவ்வளவு போதும். மருந்தை ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள், ஒரே வாரத்தில் இரண்டை மாற்றினால் எது உதவியது என்று டைரியால் சொல்ல முடியாது.

படி 7: காய்ச்சல், சூடு, குதூகலம், தடுப்பூசி

உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே இந்தக் குழந்தைகளுக்குப் போதும். காய்ச்சல் எந்த அளவைத் தொட்டதும் மருந்து தர வேண்டும் என்பதைத் திட்டத்தில் எழுதி வாங்குங்கள். குளியல் தண்ணீர் வெதுவெதுப்புக்கும் கீழே இருக்கட்டும். வெயில் நேரத்தில் வெளியே போவதென்றால் நிழல், மெல்லிய துணி, அடிக்கடி தண்ணீர், குளிர்ச்சியான துணி கழுத்தில். சில குழந்தைகளுக்கு ஓடி விளையாடினால், ரொம்பச் சந்தோஷப்பட்டால் கூட வரும். இதற்காக விளையாட்டையே நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன். நடுவில் ஓய்வு வையுங்கள், குளிர்ந்த நேரமாகப் பாருங்கள், அவசர மருந்தைக் கையில் வையுங்கள், விளையாட விடுங்கள்.

மின்னுகிற வெளிச்சமும் கோடு போட்ட துணி, கட்டம் போட்ட தரை போன்ற வடிவங்களும் சில குழந்தைகளுக்கு வலிப்பைக் கிளப்பும். வினோதம் என்னவென்றால் அதே குழந்தைகள் அவற்றிடமே ஈர்க்கப்பட்டுப் போய் முகத்தை ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள், வெளிச்சத்துக்கு முன்னால் விரலை ஆட்டுவார்கள். இது அடம் இல்லை. ஒரு கண்ணைக் கையால் மூடிவிடுவது உடனடியாக உதவும், நீலக் கண்ணாடி சிலருக்குக் கை கொடுக்கிறது.

தடுப்பூசி பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல பெற்றோர் அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். ஊசி போட்ட அன்று முதல் வலிப்பு வந்தால் ஊசிதான் காரணம் என்று தோன்றுவது இயல்பு. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாக நினைக்கப்பட்ட 14 பேரைச் சோதித்ததில் 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ மாற்றம் இருந்தது. ஊசியால் வருகிற காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வரலாம், ஆனால் நோய் கருவிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஊசி போடாமல் விட்டால் தட்டம்மை மாதிரி நோய் வந்து பல நாள் கடுங்காய்ச்சல் அடிக்கும், இந்தக் குழந்தைக்கு அது பெரிய ஆபத்து. ஊசி போடுங்கள், அன்றைக்கும் அடுத்த நாட்களுக்கும் காய்ச்சல் மருந்து, கூடுதல் பாதுகாப்பு மருந்து வேண்டுமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் திட்டமிட்டுக்கொண்டு போடுங்கள்.

படி 8: இரவு

இதை எழுதுவது கஷ்டம், ஆனால் மறைப்பது அதைவிடத் தவறு. வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் திடீர் மரணம் நேர்வதுண்டு. டிராவேயில் அந்த ஆபத்து மற்ற பல வலிப்பு நோய்களைவிடக் கூடுதல். டாக்டர் தானாகப் பேசாவிட்டால் நீங்களே கேளுங்கள். அதே அறையில் படுப்பது, ஒலி அல்லது வீடியோ மானிட்டர், படுக்கை அசைவை உணரும் கருவி, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி, இவற்றில் உங்களுக்கு எது ஒத்து வருகிறது என்று பாருங்கள். எந்தக் கருவியும் உத்தரவாதம் இல்லை. பொய் அலாரம் அடித்து அடித்து வீட்டில் யாருமே தூங்க முடியாத கருவி, நாளடைவில் அணைத்து வைக்கப்படும். வலிப்புக்குப் பிறகு குழந்தை குப்புறக் கிடந்தால் திருப்பிப் போடுவது, மருந்தைத் தவறவிடாமல் இருப்பது, இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

இரவுக் காவலை ஒரே ஆள் மேல் போடாதீர்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள். இன்று அம்மா என்றால் அப்பா வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, முழுசாகத் தூங்க வேண்டும். தனியாக வளர்க்கிறவர்கள் வாரத்தில் ஓர் இரவாவது பயிற்சி பெற்ற உறவினரிடம் கேளுங்கள், கேட்பதற்குத் தயங்காதீர்கள். தூக்கமில்லாத ஆள் மருந்து அளக்கும்போது தப்பு நேரும்.

படி 9: வளர்ச்சி, பேச்சு, நடை

இரண்டாவது வயதில்தான் வித்தியாசம் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். வார்த்தைகள் தாமதமாகும், நடை தள்ளாடும், கவனம் நிற்காது. சில குழந்தைகளுக்கு ஆட்டிசம் சார்ந்த குணங்களும் சேரும். "முதலில் வலிப்பு அடங்கட்டும், அப்புறம் தெரபி பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிசியோதெரபி, ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி மூன்றுக்கும் பரிந்துரையை நோய் உறுதியான உடனே கேட்டு வாங்குங்கள். நீண்ட வலிப்புக்குப் பிறகு கற்றது சில நாள் காணாமல் போகலாம், பல சமயம் திரும்பும். தெரபிஸ்டிடம் அந்த வாரம் வலிப்பு வந்ததைச் சொல்லிவிட்டால் அவர் எதிர்பார்ப்பை அதற்கேற்பக் குறைத்துக்கொள்வார்.

பேச்சு வரவில்லையென்றால் படம், சைகை, டேப்லட், எது கிடைத்தாலும் பயன்படுத்துங்கள். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்ற பயம் தேவையில்லை. வேண்டும், வேண்டாம், வலிக்கிறது, இன்னும் என்று நான்கு விஷயங்களை ஒரு குழந்தையால் தெரிவிக்க முடிந்தால் வீட்டில் அழுகையும் அடியும் கடியும் எவ்வளவு குறைகிறது என்பதைப் பார்த்த பிறகு நான் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குணம் திடீரென்று மாறினால் முதலில் மருந்து மாற்றத்தைப் பாருங்கள், அப்புறம் தூக்கம், மலச்சிக்கல், பல்வலி. "நோயே அப்படித்தான்" என்று விட்டுவிடும் முடிவு கடைசியில் வரட்டும். நடைக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது எலும்பு, பாதம் பார்க்கிற நிபுணரிடம் காட்டுங்கள், வளர வளர முழங்கால் மடங்கி நடக்கிற பழக்கம் இவர்களுக்கு வரும். விழுந்து விழுந்து எழுகிற குழந்தைக்குத் தலைக் கவசம், தூரம் போக ஸ்ட்ரோலர் அல்லது சக்கர நாற்காலி. நடக்கத் தெரிந்த குழந்தைக்கு ஏன் நாற்காலி என்று கேட்பார்கள். களைப்பு வலிப்பைக் கிளப்பும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

படி 10: உங்களைத் தவிர இன்னும் இருவர்

குறைந்தது இன்னும் இரண்டு பேருக்காவது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பாட்டியோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ. அவசர மருந்து எங்கே இருக்கிறது, எப்படிக் கொடுப்பது, எந்த மருத்துவமனை என்பது அவர்களுக்குத் தெரிந்தால்தான் நீங்கள் ஒரு மணி நேரம் வெளியே போக முடியும்.

மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வயசுக்கு ஏற்ற மாதிரி உண்மையைச் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு "தம்பி மூளைக்குள் சிக்னல் குழம்புகிறது, அது உன்னால் வந்ததில்லை, உனக்குத் தொற்றாது" போதும். வலிப்பின்போது ஒரு சின்ன வேலை, கதவைத் திறந்து வைப்பது மாதிரி, வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாமென்றால் பக்கத்து அறையில் இருக்கலாம் என்பதும் முடிவாகிவிட வேண்டும். அவர்களோடு மட்டும் செலவழிக்கும் நேரத்தை நாள்காட்டியில் குறித்து வையுங்கள், குறிக்காவிட்டால் அது நடக்காது.

குளியலறை, குளம், கடல், நீச்சல் தொட்டி எங்கேயும் கை எட்டும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. கதவுத் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட முடியாதபடி மாற்றுங்கள்.

படி 11: பள்ளி

சேர்க்கும் முன் தலைமை ஆசிரியரோடும் வகுப்பு ஆசிரியரோடும் ஒரே அறையில் உட்காருங்கள். அவசரத் தாளைக் கொடுங்கள், உங்கள் குழந்தையின் வலிப்பு வீடியோவைக் காட்டுங்கள். முதல் தடவை நேரில் பார்த்து உறைந்து போவதைவிட அன்றே பார்த்துவிடுவது அவர்களுக்கும் நல்லது. அவசர மருந்தை யார் கொடுப்பார், அவர் விடுப்பில் இருந்தால் யார், வகுப்பு எந்தப் பக்கம், காற்றோட்டம் உண்டா, வெயில் நேர விளையாட்டுக்கு மாற்று என்ன, வலிப்புக்குப் பிறகு எங்கே படுப்பாள், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். சின்ன வலிப்பு ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்பதையும் அதில் சேருங்கள், இல்லாவிட்டால் அவள் பாதி நாள் வகுப்பில் இருக்க மாட்டாள். பள்ளி மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

படி 12: அடுத்த குழந்தை, புதிய சிகிச்சை

பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த மாற்றம் புதிதாக உண்டானது, அம்மா அப்பாவிடமிருந்து வந்ததில்லை. ஆனால் சில பெற்றோரின் உடம்பில் ஒரு பகுதி செல்களில் மட்டும் அந்த மாற்றம் ஒளிந்திருக்கும், சாதாரண இரத்தச் சோதனையில் தெரியாமலும் போகலாம். அடுத்த குழந்தை பற்றி யோசிக்கிறவர்கள் மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மரபணுவின் வேலை செய்கிற அந்த ஒரு பிரதியை அதிகம் உற்பத்தி செய்ய வைக்கிற சிகிச்சைகள் இப்போது மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. ஆய்வில் சேரலாமா என்று யாராவது அழைத்தால் கேட்க வேண்டியவை: முதுகுத் தண்டில் ஊசி எத்தனை தடவை, போலி மருந்துக் குழுவில் விழ வாய்ப்பு எவ்வளவு, இப்போதைய மருந்துகளை மாற்ற முடியாத காலம் எவ்வளவு, பயணத்தையும் தங்குவதையும் யார் பார்த்துக்கொள்வார்கள், நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படுமா, ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா, இதில் சேர்ந்தால் பின்னால் வேறு ஆய்வில் சேர முடியாமல் போகுமா. பதில்களை எழுதி வாங்கிக்கொண்டு, உங்கள் சொந்த நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, ஒரு வாரமாவது யோசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.